12 ஓட்டத்துக்குப் பணம், ஓடியது 6: டெஸ்ட் சேவை குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

அன்புடையீர்,

வணக்கம். மருத்துவமனை முன்பதிவுக்கான மென்பொருள் ஒன்றை நடத்தும் சிறிய குழு நாங்கள். அதன் டெஸ்ட்களை உங்கள் சேவையில் பைத்தான் மொழியின் 3.10, 3.11, 3.12 பதிப்புகள் மூன்றிலும், அந்த மொழிக்கான வலைக் கட்டமைப்பான ஜாங்கோவின் 4.2, 5.2 பதிப்புகள் இரண்டிலும், எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்கள் இரண்டிலும் ஓட்டுகிறோம். ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒன்றாக மொத்தம் 12 ஓட்டம். பில்லும் 12-க்குத்தான் வருகிறது.

போன மாதம்தான் ஜாங்கோ 5.2-ஐப் பட்டியலில் சேர்த்தோம். முதல் தடவையே பன்னிரண்டும் பச்சை, அதாவது தேர்ச்சி. எனக்கே கொஞ்சம் உறுத்தியது; பெரிய பதிப்பு மாறும்போது எங்களுக்கு எதுவும் உடையாமல் இருந்ததே இல்லை. ஆனாலும் பச்சையை நம்பி சர்வரில் ஏற்றிவிட்டோம். மறுநாள், காலை 10 மணிக்கு வர வேண்டியவர்களுக்கு "4.30-க்கு வரவும்" என்று குறுஞ்செய்தி போயிருக்கிறது.

இந்திய நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் (UTC) உள்ள அதே ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்றதும் காரணம் புரிந்துவிட்டது. நேர மண்டல அமைப்பை நாம் குறிப்பிடாமல் விட்டால் ஜாங்கோ 4.2-இல் அது அணைந்திருக்கும், 5.0 முதல் தானாகவே இயங்கும். குறிப்பிடாதது எங்கள் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பிடிக்கவென்றே ஒரு டெஸ்ட் எழுதி வைத்திருந்தோமே?

'5.2' என்று பெயரிட்ட ஓட்டத்தில், ஜாங்கோ பதிப்பை அச்சிடச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். 4.2 என்று வந்தது. லாகில் (ஓட்டத்தின் பதிவில்) அதற்கு மேலேயே, கேஷ் (முன்பு நிறுவியதைச் சேமித்து வைத்த நகல்) கிடைத்ததால் நிறுவலைத் தவிர்த்ததாக உங்கள் செய்தி. உங்கள் தானியங்கி கேஷ் பைத்தான் பதிப்பையும் தேவைப் பட்டியல் கோப்பையும் மட்டுமே பார்க்கிறது. ஜாங்கோ பதிப்பை நாங்கள் சூழல் மாறி (ஓட்டத்துக்கு வெளியிலிருந்து தரும் மதிப்பு) வழியாகத் தருகிறோம், அதைக் கண்டுகொள்வதில்லை. ஆக, பழைய 4.2-ஐயே இரண்டு முறை ஓட்டிவிட்டு, பாதியில் 5.2 என்று பெயர் ஒட்டியிருக்கிறீர்கள்.

உங்கள் உதவிக் குழு "கேஷை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்" என்று ஒரு வரி எழுதி டிக்கெட்டை மூடிவிட்டது. அழித்தேன். அந்த ஒரு முறை சரியாக ஓடியது. அடுத்த முறை, எது முதலில் முடிந்து கேஷில் சேமித்ததோ அதுதான் அந்தப் பைத்தான் பதிப்பின் எல்லா ஓட்டங்களுக்கும்: 3.11-இல் 4.2 ஓட்டங்கள் 5.2-இல் ஓடின!

சூழல் மாறிகளையும் கேஷ் சாவியில் (எந்த நகலை எடுப்பது என்று தீர்மானிக்கும் அடையாளத்தில்) சேருங்கள். அதுவரை எங்கள் கணக்கில் கேஷை நிறுத்தி வையுங்கள். 5.2 சேர்த்த நாளிலிருந்து வந்த பில்லில் பாதியைத் திருப்பித் தாருங்கள். அப்புறம், இதே மாதிரி ஓட்டும் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் தகவல் சொல்லுங்கள்; அவர்கள் திரையிலும் இப்போது பச்சைதான் இருக்கும்.

லாக் கோப்புகளை இணைத்துள்ளேன். 15 நாளுக்குள் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
டெஸ்ட் பொறுப்பாளர்