ஓலை காயும் மாதத்தில் வாங்குங்கள்

கைவினைப் பொருட்களைக் கொள்முதல் செய்யும் அரசுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். தூத்துக்குடி, ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பனையோலைப் பெட்டி முடையும் பெண்களுக்காக எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: நீங்கள் வாங்கும் காலத்தை மாற்றுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், எங்கள் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிடும் காலம், தடை நியாயமானதுதான். நாட்டுப்படகுக்குத் தடையில்லை. ஆனால் விசைப்படகில் கூலிக்குப் போகிற வீட்டில் அந்த இரண்டு மாதமும் ஆண் வருமானம் நின்றுபோகும். அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 131 ரூபாய். மீதி அடுப்புச் செலவு அம்மாமார் முடைகிற பெட்டியில்தான் ஓடுகிறது.

ஓலைக்கும் அதுதான் காலம். பதநீர் இறக்கப் பனையேறிகள் மரத்தில் ஏறுகிற மாதங்கள் என்பதால் குருத்தோலை கேட்டால் கிடைக்கும். வெயில் கொளுத்துகிறது. குருத்து நன்றாகக் காய்ந்து வெளுத்தால்தான் சாயம் சீராக ஏறும். ஈர்க்கை நீக்கி ஒரே அகலத்தில் வாரினால்தான் மூடி பெட்டியில் கச்சிதமாக உட்காரும்.

ஆனால் பரிசுப் பெட்டி வேண்டும் என்று கேட்டு ஆள் வருவதோ தீபாவளி, பொங்கலை ஒட்டி. வெளியே வடகிழக்குப் பருவமழை. ஓலை காயாது, முடைந்த பெட்டியிலும் பூஞ்சணம் பூக்கும். அப்புறம் தரமில்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.

சரி, கோடையிலேயே முடைந்து வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். எங்கே வைப்பது? கடல் காற்று புகாத இடம் எந்த வீட்டில் இருக்கிறது? அதனால் மே மாதத்தில் வருகிற வியாபாரி சொன்னதுதான் விலை. அவரைக் குறை சொல்லவில்லை. கிட்டங்கியும் முன்பணமும் அவரிடம்தான் இருக்கின்றன.

அந்த இரண்டையும் நீங்கள் கொடுங்கள். ஈரம் புகாத ஒரு கிட்டங்கி, பாதி முன்பணம், தடைக்காலத்திலேயே கொள்முதல். இன்னொரு பயிற்சி முகாம் மட்டும் வேண்டாம். முடையத் தெரிந்தவர்களுக்கே முடையக் கற்றுத் தந்து, படம் பிடித்து, சான்றிதழ் கொடுத்ததெல்லாம் போதும்.

பெட்டியின் அளவும் மாதிரியும் மார்ச்சிலேயே வந்துவிட்டால், பனையேறிகளிடம் ஓலைக்குச் சொல்லிவைத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓலை முடைகிறவரின் மகள்