தட்டாத தட்டடவு

ஸ்கார்பரோ, டொராண்டோ
டிசம்பர் 28

அன்புள்ள அத்தைக்கு,

நமஸ்காரம். நாங்கள் அனைவரும் நலம். உங்கள் முழங்கால் வலியைப் பற்றிப் போனில் கேட்டால் "பரவாயில்லை" என்பதோடு முடித்துவிடுகிறீர்கள். உள்ளபடி எழுதச் சொல்லுங்கள் அண்ணனிடம். இங்கே ஐந்து மணிக்குள் இருட்டிவிடுகிறது. பனி உருகுவதற்காகத் தெருவில் கொட்டும் உப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் படிந்த காலணிகளை வாசலில் விட்டுவிட்டுக் குழந்தைகள் உள்ளே வரும்போது, அவர்கள் பாதம் சூடேறவே கால் மணி நேரம் ஆகிறது.

பரதநாட்டியம் கற்பிப்பதையே விட்டுவிடலாமா என்று இந்த வருடம் பலமுறை யோசித்தேன். போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

நான் வகுப்பு நடத்திய பேஸ்மென்ட்டின் தரை கான்கிரீட். அதில் காலைத் தட்டி ஆடினால் குழந்தைகளின் முழங்காலும் கணுக்காலும் கெட்டுவிடும். போதாக்குறைக்கு, மேல்வீட்டில் குடியிருந்தவர்கள் சத்தம் தாங்கவில்லை என்றார்கள். அதனால் தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டேன். சலங்கை வேண்டாம் என்றேன். தாளம் தட்டும் தட்டுக்கழியையும் ஒதுக்கிவிட்டு, அடவுக்குச் சொல்லும் "தெய்யா தெய்" சொற்கட்டைப் போனில் பதிவு செய்து சிறிய ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்ததால், மொத்தமாக எதை இழந்தேன் என்பது எனக்குத் தெரியவில்லை.

மே மாதத்தில் ஒரு நாள், வகுப்பு முடிந்து தட்டிக் கும்பிடும்போது, காலால் மிதித்ததற்காகப் பூமித்தாயிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்று நீங்கள் எனக்குச் சொன்னதையே நானும் சொன்னேன். எட்டு வயதுப் பெண் ஒருத்தி கண்ணை உருட்டிக்கொண்டு, "நாம்தான் தட்டவே இல்லையே டீச்சர், அப்புறம் எதுக்கு சாரி சொல்லணும்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அரங்கேற்றச் சங்கடமும் இதோடு சேர்ந்துகொண்டது. அலாரிப்பு என்ற சிறு உருப்படியில் தொடங்கித் தில்லானாவில் முடியும் ஆட்ட வரிசையைத் தஞ்சை நால்வர் என்னும் நட்டுவனார் சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டில் வகுத்தது ஒரு கச்சேரி வளர்ந்து செல்லும் விதத்துக்காக. இங்கே அது ஒரு பாடத்திட்டமாகிவிட்டது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய பிறகுதான் அந்த வரிசையிலேயே நீண்ட, கடினமான வர்ணம் பெண்ணுக்கு வருமா என்று கேட்கிறார்கள். அரங்கேறியதும் பெண் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள், சலங்கை அலமாரிக்குப் போகிறது. பெற்றோரை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. சம்பளம் வாங்கியவள் நான்.

செப்டம்பரில் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தைச் சனிக்கிழமை காலைகளுக்கு வாடகைக்கு எடுத்தேன். மரத்தரை; மிதித்தால் சற்றே அமுங்கி எழும். வாடகை அதிகம், தூரமும் அதிகம், ஆகவே 22 பேரில் 13 பேர்தான் வந்தார்கள். முதல் நாள் முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி அரைமண்டியில் உட்கார வைத்து, ஒரு மரப்பலகையில் பூரிக்கட்டையால் தட்டி, என் குரலிலேயே சொற்கட்டைச் சொன்னேன். அத்தனை கால்களும் ஒன்றாக விழுந்த ஓசையில் குழந்தைகளே மிரண்டு நின்றுவிட்டார்கள்.

மூன்று வருடமாக என்னிடம் பயிலும் ஒரு பெண்ணின் இடது கால் ஒவ்வொரு தட்டிலும் இம்மியளவு தாமதமாக விழுவது அன்றுதான் என் காதில் பட்டது. விரிப்பின் மேல் அவள் ஆடியபோது என் கண்ணுக்கு அது ஒருபோதும் தெரியவில்லை. எல்லோரையும் முதல் அடவான தட்டடவுக்கே, அதுவும் மெதுவான முதல் காலத்துக்கே திருப்பி, இரண்டு மாதம் அங்கேயே நிறுத்தினேன். "மூன்று வருஷம் படிச்சும் மறுபடியும் முதல் அடவா?" என்று அவளுடைய அம்மா கோபப்பட்டார். தவறு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை மகளை அழைத்து வருவாரோ மாட்டாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார், முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பெண் இப்போது தன் இடது காலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சில நிமிடங்களுக்காகவே சனிக்கிழமையை எதிர்பார்க்கிறேன்.

பொங்கல் முடிந்து அண்ணன் மகன் இங்கே வரும்போது, பரணில் இருக்கும் உங்கள் பழைய தட்டுமனைப் பலகையையும் தட்டுக்கழியையும் கொடுத்தனுப்ப முடியுமா? பூரிக்கட்டைக்கு நாதமே இல்லை. செல் அரித்திருக்கிறதா என்று வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். மரச்சாமான் இருப்பதை இங்கே சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடும்படி அவனிடம் கூறுங்கள்.

உங்கள் அன்பு மருமகள்