மே மாதத்தில் காலியாகும் குளிர்பெட்டி

விருதுநகர்
ஏப்ரல் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று இரவு நீ போனை வைத்த பிறகு அம்மா படுக்கப் போய்விட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. "கல்லூரி ஆண்டு விழாவில் எங்கள் நாட்டு நலப்பணித் திட்டக் குழுவின் பெயர் ஒன்றுகூட வாசிக்கப்படவில்லை அப்பா" என்று நீ சொன்னதும், "அதனால் என்ன தாயி, நல்ல காரியம் செய்தால் பலனை எதிர்பார்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். நீ "சரிப்பா" என்றாய். அந்தச் "சரிப்பா" இன்னும் காதில் நிற்கிறது. நான் சொன்னது தவறு. அதைத் திருத்தத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பேசினால் உனக்குக் குரல் அடைத்துவிடும், நான் உடனே சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

கல்லூரிக் கலைவிழாவில் பாட்டிலும் நடனத்திலும் கோப்பை வாங்கிய பிள்ளைகளை மேடைக்கு அழைத்தது சரியே. அவர்களும் மாதக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கலைவிழா நடந்த மூன்று நாளும் மேடைக்குப் பின்னால் யார் நின்றார்கள்? ஒப்பனை அறையில் சலங்கை அறுந்த பெண்ணுக்கு ஊசி நூலோடு ஓடியது நீ. விழா முடிந்து எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது ஜமுக்காளம் சுருட்டி, வாடகை நாற்காலிகளை எண்ணி வண்டியில் ஏற்றியது உங்கள் குழு. இரவு பதினொன்றரைக்கு எனக்குப் போன் செய்து "இரண்டு நாற்காலி குறைகிறதப்பா" என்று பதறினாயே. அதே குழுதான் ஆண்டுக்கு இரண்டு ரத்ததான முகாம்களையும் நடத்தியது. இதையெல்லாம் யாராவது ஒருவர் ஒலிபெருக்கியில் சொல்லியிருக்க வேண்டும் என்று நீ நினைத்ததில் தப்பே இல்லை.

ஏன் தப்பில்லை என்று என்னால் சொல்ல முடியும். முப்பத்தைந்து ஆண்டுகள் ரத்த வங்கியில் வேலை பார்த்தவன் நான். கல்லூரிப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பது அவர்கள் இருக்கும்போது யாருக்கும் தெரியாது, மே மாதத்தில்தான் தெரியும். ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்து விடுதிகள் காலியாகும். கல்லூரி திறக்க ஜூன் பாதியாகிவிடும். எடுத்த ரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரித்து வைப்போம். சிவப்பணுப் பை 42 நாள்தான் தாங்கும். மார்ச் 29 அன்று எடுத்த பையை மே 10 தாண்டி யாருக்கும் ஏற்ற முடியாது. தட்டணுக்களுக்கு ஆயுள் வெறும் ஐந்து நாள். அதையும் ஆட்டிக்கொண்டே இருக்கும் பெட்டியில் வைத்துக் காக்க வேண்டும். பிளாஸ்மா மட்டும் உறைநிலையில் ஓராண்டு கிடக்கும். ஆனால் பிரசவம் கோடை விடுமுறை பார்ப்பதில்லை. நான்குவழிச் சாலையில் விபத்துகள் நிற்பதில்லை. நம் மாவட்டத்தில் பட்டாசு ஆலை விபத்து என்றால் தீக்காயத்தோடு எத்தனை பேர் வருவார்கள் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மே மாதம் காலையில் வந்து அந்தக் குளிர்பெட்டிக் கதவைத் திறப்பேன். தட்டுகள் வெறுமையாக இருக்கும். கல்லூரிகள் மூடிக் கிடக்கின்றன என்பதை நாட்காட்டி பார்த்து நான் தெரிந்துகொண்டதில்லை, அந்தத் தட்டுகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் வேலையில் சேர்ந்த 1990-இல் நிலைமை வேறு. மருத்துவமனை வாசல் டீக்கடையில் காசுக்கு ரத்தம் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வெளிறிய கண்கள், முழங்கை மடிப்பில் தழும்பு. போன வாரம் வேறோர் ஊரில் கொடுத்துவிட்டு இந்த வாரம் இங்கே வந்திருப்பார்கள். அவர்களும் பசிக்குத்தான் வந்தார்கள். அவர்களை நான் ஒரு நாளும் குறைவாக நினைத்ததில்லை. 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் ரத்தத்தை விற்பது தடை செய்யப்பட்டது. சரியான தீர்ப்பு. ஆனால் அந்த மார்கழியில் எங்களுக்கு உள்ளூர பயம்: இனி யார் கொடுப்பார்கள்? நோயாளியின் உறவினர்கள் கொடுத்தார்கள், பாதிப் பேர் ஊசியைப் பார்த்ததும் காணாமல் போனார்கள். அந்த இடத்தை நிரப்பியது பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். நாட்டு நலப்பணித் திட்டம், இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், பின்னாளில் செஞ்சுருள் சங்கம் என்று ஏதோ ஒரு பெயரில் வரிசையில் வந்து நின்றார்கள். காசு வாங்காத, யாருக்குப் போகிறது என்று தெரியாமலே கொடுக்கிற அந்த ரத்தத்தின் மேல்தான் எங்கள் வேலை அதன் பிறகு நின்றது.

ஒரு பையனை மட்டும் சொல்கிறேன். ஒரு மே மாத இரவு. பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். பெட்டியில் ஒரே ஒரு பை இருந்தது, இன்னும் வேண்டும். கல்லூரிகள் தந்திருந்த பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அழைத்தேன். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த ஒரு பையன், பக்கத்துக் கிராமம், "வருகிறேன் சார்" என்றான். இரவு ஒரு மணிக்கு அப்பாவை எழுப்பி, அவருடைய டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தான். கொடுத்தான், பிஸ்கட்டும் காபியும் தந்தேன், கால் மணி நேரம் படுத்திருந்தான், போய்விட்டான். ரத்தத்தைச் சோதித்துப் பொருத்தம் பார்த்து மேலே அனுப்பினேன். அந்தத் தாயும் பிள்ளையும் நலமாக வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு அவன் யாரென்று தெரியாது. அவனுக்கும் அவர்கள் பிழைத்தார்களா என்று தெரியாது. இரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன். நானும் அவனுக்குச் சொல்லவில்லை.

இதைத்தான் உன்னிடம் ஒப்புக்கொள்ள நினைத்தேன் பாப்பா. உங்கள் பெயரை வாசிக்காத அந்தக் கல்லூரி செய்ததை நானும் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். அக்டோபர் 1 தன்னார்வ ரத்ததான நாள் வரும். எந்தக் கல்லூரி அதிக யூனிட் கொடுத்தது என்று கணக்கெடுத்துத் தருவேன். கேடயம் கல்லூரியின் பெயருக்குப் போகும். முதல்வர் வந்து வாங்குவார். அது அவர் அறையில் கண்ணாடி அலமாரியில் நிற்கும். வெயிலில் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கி ஆள் சேர்த்த பிள்ளையின் பெயர் அதில் எங்கும் இராது. அந்தப் பெயர்கள் எங்கள் பதிவேட்டில் மட்டும் இருந்தன. அதையும் ஐந்து ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பது விதி. ஒரு நாள் பழைய பதிவேடுகளை மூட்டை கட்டி அழிக்க அனுப்பியபோது அந்த டிவிஎஸ் வண்டிப் பையனின் கையெழுத்தும் அதோடு போனது. அன்றைக்கு எனக்கு ஏதோ செய்தது.

மறுநாள் அஞ்சலகத்தில் நூறு அஞ்சலட்டை வாங்கினேன். ஒன்று ஐம்பது காசு. முகாமில் கொடுத்த பிள்ளைகளுக்கு, பை பயன்பட்ட பிறகு இரண்டு வரி எழுதினேன். "நீங்கள் கொடுத்த ரத்தத்தின் சிவப்பணு ஒரு பிரசவத்துக்கும், பிளாஸ்மா தீக்காயம் பட்ட ஒருவருக்கும், தட்டணு டெங்குக் காய்ச்சலில் இருந்த குழந்தைக்கும் போனது." நோயாளியின் பெயர், ஊர் எதுவும் எழுதமாட்டேன். ஸ்வீடன் நாட்டில் ரத்தம் பயன்பட்டதும் கொடுத்தவரின் போனுக்கே குறுஞ்செய்தி போய்விடும் என்று பின்னால் செய்தித்தாளில் படித்தேன். என் அஞ்சலட்டை வேலை அதைவிட மெதுவானது. எல்லோருக்கும் எழுதவும் முடியவில்லை. ஆனால் அந்த அட்டை கிடைத்த பிள்ளைகள் அடுத்த முறை இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு பையனின் தாயார் எங்கள் வங்கிக்கே வந்து, அந்த அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாகச் சொன்னார். பிள்ளை படிக்கப் போன இடத்தில் என்ன செய்கிறான் என்று அந்த அம்மாவுக்கு அதுவரை யாருமே சொல்லவில்லை.

நானும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தவன் என்பது உனக்குத் தெரியும். 1985-இல் எங்களுக்குப் பத்து நாள் முகாம், உங்களுக்கு ஏழு நாள். கண்மாய்க் கரையில் மண் வெட்டினோம், இரவில் பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்தோம். காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் இது என்று எங்கள் திட்ட அலுவலர் பெருமையாகச் சொல்வார். "நான் அல்ல, நீ" என்பதுதான் அதன் வாசகம். நேற்று நான் உனக்குச் சொன்ன உபதேசமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது. இரவெல்லாம் யோசித்தேன். அந்த வாசகம் உனக்கு மட்டுமா? மேடையில் நிற்கும் பெரியவர்களுக்கும் அதுதானே? அவர்கள் வாயிலிருந்து வரும்போது அதற்கு ஒரே பொருள்தான்: இதைச் செய்தது நான் அல்ல, நீ. அதைச் சொல்லாமல், பிள்ளைகள் மட்டும் தன்னலம் பார்க்கக் கூடாது என்பது நியாயமில்லை. வள்ளுவர்கூட நன்றியைப் பற்றிய அதிகாரத்துக்குச் செய்ந்நன்றி அறிதல் என்றுதான் பெயர் வைத்தார். வாயால் நன்றி கூறுவதற்கு முன், யார் செய்தார், என்ன செய்தார் என்று அறிந்திருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறாய். மதிப்பெண் பட்டியலில் ஐந்தாம் பகுதி, விரிவாக்கப் பணி என்று ஒரு கிரெடிட்டும் வரும். வாங்கிக்கொள், பத்திரமாக வை. தேசிய அளவில் குடியரசுத் தலைவர் கையால் தரும் விருதும் இருக்கிறது, அது வெகு சிலருக்கு. ஆனால் அந்த 240-க்குள் வராத வேலை ஒன்றை நீ செய்தாய், அதைப் பற்றி நான் இதுவரை உன்னிடம் பேசவே இல்லை.

முதலாண்டு முகாமில் உனக்கு ஹீமோகுளோபின் 11.4. 12.5 இல்லாவிட்டால் எடுக்கமாட்டார்கள். திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அழுதாய். அம்மா முருங்கைக்கீரைப் பொடி இடித்து அனுப்பினாள். அடுத்த முறை 12.9 வந்து கொடுத்தாய். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்று உன்னோடு திரும்பிப் போன மற்றப் பெண்களின் பெயர்களை நீ ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாய். விடுதிக் காப்பாளரிடம் பேசி வாரத்தில் இரண்டு நாள் கீரையும் சுண்டலும் போட வைத்தாய். மாதவிடாயில் அதிகம் போகிறது என்று சொன்ன இரண்டு பெண்களை நீயே மருத்துவரிடம் கூட்டிப் போனாய். அந்த நோட்டில் இருந்த பெண்களில் பதினொரு பேர் அடுத்த ஆண்டு ரத்தம் கொடுத்தார்கள். ரத்த வங்கியில் இத்தனை ஆண்டு இருந்து, குறைவு என்று சொல்லி எத்தனை பெண்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன். பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நீ கேட்டாய். அதைக் கேள்விப்பட்ட அன்று உன் அம்மாவிடம் மட்டும் சொல்லிப் பூரித்தேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

ஒரு வேலை செய். உன் துறைத் தலைவரிடமும் திட்ட அலுவலரிடமும் போய், அடுத்த ஆண்டு விழாவில் முகாம் குழுவின் பெயர்களை வாசிக்க வேண்டும் என்று எழுத்தில் கேள். கெஞ்சவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். யார் என்ன செய்தார் என்று பட்டியலாகக் கொடு. பொத்தாம்பொதுவாக "தன்னார்வலர்கள் அனைவரும்" என்று எழுதிவிடாதே. நாற்காலி எண்ணியவள் நாற்காலி எண்ணினாள் என்றே இருக்கட்டும். உங்கள் முகாமுக்கு மூன்று ஆண்டும் வெந்நீரும் டீயும் போட்டுக் கொடுத்த உணவகத்து அண்ணனையும், ஓய்வுக் கட்டிலை இழுத்துப் போட்ட காவலாளி ஐயாவையும் அதில் சேர். உனக்குப் பின் வரும் ஜூனியர்களிடம் அந்த நோட்டைக் கொடுத்துவிட்டு வா. மே மாதம் ஊரில் இருக்கக்கூடிய, பதினெட்டு முடிந்த பிள்ளைகளின் எண்களைத் தனியாக எழுதச் சொல். பையன்களுக்கு மூன்று மாத இடைவெளி, பெண்களுக்கு நான்கு மாதம் என்பதைப் பார்த்துக் குறிக்கச் சொல். அந்தப் பக்கத்தை உங்கள் ஊர் ரத்த வங்கியில் கொண்டுபோய்க் கொடு. அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும்.

உன் குழுவில் இருபத்துமூன்று பேர் என்று சொன்னாய். இருபத்துமூன்று அஞ்சலட்டை இதோடு வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்று, அவர்கள் வீட்டு முகவரிக்கு எழுது. அப்பா அம்மா கையில் கிடைக்கட்டும். உங்கள் பிள்ளை இன்ன வேலை செய்தான் என்று இரண்டு வரி போதும். உன் அட்டையை நான் எழுதி, நம் வீட்டு முகவரிக்கே இன்று காலை பெட்டியில் போட்டுவிட்டேன். நாளையோ மறுநாளோ வந்துவிடும். அம்மாவுக்குத் தெரியாது, தபால்காரர் கொடுக்கும்போது அவளே வாங்கட்டும்.

பார்சலில் முருங்கைப் பொடி இரண்டு பொட்டலம் இருக்கிறது, ஒன்று உன் அறைத் தோழிக்கு. அட்டைகளில் பின்கோடு எழுத மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் அப்பா