தேடும் கண்ணும் கைவிளக்கு உவமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூட்ட நெரிசலில் தெரிந்த முகத்தை நாம் எவ்வாறு கண்டுகொள்கிறோம் என்பது குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, கடினமான பொருளைத் தெளிவான நடையில் விளக்கியிருந்தது. ஆயினும், கவனம் என்பது இருட்டில் கைவிளக்கைத் திருப்பி ஒவ்வொரு பொருளாகப் பார்ப்பது மட்டுமே என்று அதில் முடிவு கட்டியிருப்பதை ஏற்பதற்கில்லை. அந்த உவமை பாதிதான் சரி. மறுபாதியை, மூளையில் பார்வைச் செய்திகளைக் கையாளும் மேலடுக்கான பார்வைப் புறணியின் நரம்பணுக்கள் 2005-இலேயே காட்டிவிட்டன.

அவ்வாண்டு ‘சயின்ஸ்’ இதழில் பிஷோ, ராஸி, டெசிமோன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், தேட வேண்டிய நிறமோ வடிவமோ குரங்குகளுக்கு உணர்த்தப்பட்டது. பின்னர், பல உருவங்கள் நிறைந்த திரையில் அவை தம் போக்கில் கண்ணை ஓட்டித் தேடின. பார்வைப் புறணியில் வி4 எனப்படும் பகுதியின் நரம்பணு ஒவ்வொன்றும் பார்வைப் பரப்பின் ஒரு சிறு வட்டாரத்தையே கவனிக்கும். அதற்கென்று பிடித்த நிறமும் வடிவமும் உண்டு. சிவப்புக்கு மிகுதியாகத் துடிக்கும் (அதாவது, மின்துடிப்புகளை எழுப்பும்) நரம்பணு ஒன்றின் வட்டாரத்துக்குள் சிவப்பு உருவம் நிற்கிறது, குரங்கோ வேறொரு மூலைக்குக் கண்ணைத் திருப்பப் போகிறது என்று கொள்வோம். கைவிளக்கு உவமைப்படி அந்த நரம்பணுவுக்கு அப்போது வேலையே இல்லை. ஆனால், தேடப்படும் நிறம் சிவப்பாக இருந்தால் அது வழக்கத்தைவிடக் கூடுதலாகத் துடித்தது; அதன் துடிப்பு சுற்றியுள்ள நரம்பணுக்களின் காமா அலைகள் எனப்படும் வேகமான மின்னலைகளோடு ஒத்திசைந்தும் இருந்தது. தேடுகிற நேரம் முழுவதும், திரையில் எங்கிருந்தாலும், பொருத்தமான உருவங்கள் ஒரே சமயத்தில் இவ்வாறு தூக்கிக் காட்டப்படுகின்றன. கண் அடுத்துத் தாவப்போகும் உருவத்துக்கும் நரம்பணுக்களின் துலங்கல் (எதிர்வினை) கூடியது என்பது உண்மையே; கைவிளக்கு உவமை பொருந்துவது அந்த இடத்தில் மட்டும்தான்.

தேவையற்றதை மூளை தொடக்கத்திலேயே வடிகட்டிவிடுகிறது என்ற வரியும் திருத்தத்துக்குரியது. செலாட்சியும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியபடி, உருவங்களை அடையாளம் காண உதவும் கீழ்ப்பொட்டுப் புறணியின் நரம்பணுக்கள் முதலில் இலக்கு எது, அல்லாதது எது என்று பாராமல் துலங்கின. கண் இலக்கை நோக்கி நகர்வதற்கு ஏறத்தாழ 90 முதல் 120 மில்லிவினாடிக்கு முன்புதான் மற்றதற்கான துலங்கல் அடங்கியது. இதை வடிகட்டல் என்பதைவிடப் போட்டி என்பதே பொருந்தும். அந்தப் போட்டியில் ஒரு பக்கம் சாய்வை உண்டாக்கும் செய்தி மூளையின் உயர்நிலைப் பகுதிகளிலிருந்து வருகிறது என்பது டெசிமோனும் டங்கனும் 1995-இல் முன்வைத்த கருத்து.

அந்தச் செய்தி எங்கிருந்து வருகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. (இத்துறையில் எனக்கு மிகவும் சுவையாகப் படுவதே இந்தக் கேள்விதான்.) குரங்கின் முன்மூளைப் புறணியில் ஒரு சிறு பகுதியைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்தபோது, நிறம், வடிவம் ஆகியவற்றைக் கொண்டு இலக்கைத் தேடும் திறன் குன்றியதை பிஷோ குழுவினர் 2015-இல் காட்டினர். எனவே, மூளையின் பின்பகுதி மட்டும் ஒளிர்வதாகக் கட்டுரையுடன் வெளியான படத்தை, முன்பகுதியையும் அங்கிருந்து பின்னோக்கி வரும் ஓர் அம்புக்குறியையும் சேர்த்து அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.