கிளையை வெட்டுமுன் கூட்டைப் பாருங்கள்: நகர மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

நகர மன்றப் பொறுப்பாளர்களுக்கும், மரம் வெட்டும், துப்புரவு செய்யும் குத்தகையாளர்களுக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டையில் ஒரு பறவைக் குஞ்சு கீழே விழுந்தால், அதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் அங்கே கூட்டிக்கொண்டிருக்கும் ஊழியர். இல்லாவிட்டால் கிளையை வெட்டியவரே. அடுத்த ஒரு மணி நேரம் அவர் கையில். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாராவது சொல்லித்தர வேண்டாமா?

இரக்கப்பட்டுத் தண்ணீர் புகட்டுவதுதான் முதல் ஆபத்து. குஞ்சு வாயைப் பிளக்கும்போது கவனித்தால், நாக்கு முடியும் இடத்துக்குப் பின்னாலேயே மூச்சுக்குழலின் துளை தெரியும். அலகுக்குள் விடும் சொட்டு அதற்குள் இறங்கிவிடும். பாலில் நனைத்த ரொட்டியும் கூடாது. உடம்பு குளிர்ந்து கிடக்கும் குஞ்சுக்கு எந்த உணவும் செரிக்காது. முதலில் தேவை கதகதப்பு. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழைய டி-சட்டையை விரித்து, வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு மிஞ்சினால் குஞ்சு மறுபக்கம் நகர வேண்டுமே. துவாலை வேண்டாம், அதன் நூல் வளையங்களில் நகம் சிக்கும். பெட்டியை மூடி, சத்தமில்லாத நிழலில் வைத்துவிட்டு, 1800-476-1600 என்ற தேசியப் பூங்காக் கழகத்தின் எண்ணை அழையுங்கள்.

இறகு முளைத்துத் தத்தித் திரியும் சின்னான் (புல்புல்), மைனாக் குஞ்சுகளுக்கு இதுகூட வேண்டாம். பறக்கப் பழகும் சில நாள் அவை தரையில்தான் இருக்கும். தாய் பக்கத்திலேயே இரை தேடும். பூனைக்கு எட்டாத புதரில் வைத்துவிட்டு விலகினால் போதும். இறகில்லாத குஞ்சு அடிபடாமல் இருந்தால் கூட்டிலேயே திரும்ப விடலாம். கூடு சிதைந்திருந்தால், அடியில் ஓட்டையுள்ள சிறு கூடையில் காய்ந்த புல்லைப் போட்டு அதே மரத்தில் கட்டுங்கள். மனிதக் கை பட்டால் தாய்ப்பறவை ஒதுக்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அது உண்மையில்லை.

மரநாய், அணில் குட்டிகளை வெறுங்கையால் தொடக்கூடாது. மாட்டுப்பால் அவற்றுக்கு வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போகும். வனவிலங்கை அனுமதியின்றி வீட்டில் வளர்ப்பது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், மனிதரைக் கண்டதும் ஓடிவரப் பழகிய குட்டியை எந்தக் காட்டில் விடுவது?

உங்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். வெட்டுமுன் ஒருவர் மரத்தைச் சுற்றிவந்து கூடு இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்தால், முறிந்து விழும் அபாயமில்லாத கிளையை விட்டுவையுங்கள். பச்சைப்புறா முட்டையிட்டுக் குஞ்சு பறந்துபோக ஏறத்தாழ ஒரு மாதம்தான். ஒவ்வொரு லாரியிலும் ஓர் அட்டைப்பெட்டியும், தமிழ், வங்காளம், சீனம் ஆகிய மொழிகளில் மேற்கண்ட குறிப்புகளும் இருக்கட்டும். முக்கியமாக, குஞ்சுக்காக வேலையை நிறுத்தும் ஊழியருக்குச் சம்பளம் பிடிக்கப்படாது என்று குத்தகையிலேயே எழுதுங்கள். மேற்பார்வையாளரின் ஏச்சுக்குப் பயந்தால், மனமிருந்தும் அவரால் நிற்க முடியாது.

இப்படிக்கு,
வனவிலங்கு மீட்பில் உதவும் தொண்டூழியர்கள்