ஆண்டறிக்கை 2024–25: வங்கக் கடலின் அடித்தரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு தலைப்பு என்று தாவிக்கொண்டே இருக்காமல், ஆண்டு முழுக்க ஒரே பொருளை எடுத்துப் படிப்பது என்று கடந்த பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். கடலூரில் உட்கார்ந்துகொண்டு கடலை விட்டு வேறு எதை எடுப்பது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை. அலை, மீன், புயல் எல்லாம் மன்றத்தில் பலமுறை பேசித் தீர்த்தவை. ஆகவே ஆழ்கடலின் தரைக்குப் போனோம். சேறும் மணலும் கலந்த கனத்த நீர் அங்கே எப்படி ஓடுகிறது, ஓடி என்ன செய்கிறது என்பதுதான் இவ்வாண்டின் பொருள். ஒரே விஷயத்தைப் பன்னிரண்டு மாதம் இழுப்பதா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அவர்களில் சிலர்தான் பிற்பாடு முதல் வரிசையில் இடம் பிடித்தார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

வங்கக் கடலிலிருந்தே தொடங்கினோம். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன. அது முழுவதும் கழிமுகத்தோடு நின்றுவிடுவதில்லை. வங்கதேசக் கரைக்கு எதிரே 'ஸ்வாட்ச் ஆஃப் நோ கிரவுண்ட்' என்றொரு கடலடிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் தலைமாட்டில் வண்டல் சேர்கிறது. புயல் கிளறினாலும், நிலம் நடுங்கினாலும், சில சமயம் தன் பாரம் தாங்காமலும் அது சரியும். சரிந்த வண்டல் தண்ணீரோடு கலந்ததும் அந்தக் கலவை சுற்றியுள்ள நீரைவிடக் கனமாகிவிடும். சரிவு இருக்கும்வரை ஓட அதற்கு வேறு எதுவும் தேவையில்லை. இப்படி ஓடி ஓடிக் கட்டியதுதான் வங்க வண்டல் விசிறி, அதாவது விசிறிபோல் விரிந்து கிடக்கும் வண்டல் படிவு. நீளம் சுமார் 3,000 கி.மீ. இலங்கையையும் தாண்டித் தெற்கே போகிறது. மிகத் தடித்த இடத்தில், அடியில் கிடக்கும் பழைய படிவுகளையும் சேர்த்து, 16 கி.மீ.க்கும் மேல். உலகின் மிகப் பெரிய கடலடி விசிறி இதுதான். சென்னைக்குக் கிழக்கே ஆழத்தில் கிடக்கும் தரையும் இதைச் சேர்ந்ததே. பள்ளிக்கூட வரைபடத்தில் மட்டும் அந்த இடம் இன்னும் வெறும் நீலமாகவே இருக்கிறது!

2015இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் வடக்கு 8 பாகையில், அதாவது ஏறக்குறைய கன்னியாகுமரிக்கு நேர் கிழக்கே வங்கக் கடலில், வரிசையாக ஏழு இடங்களில் துளையிட்டது. கடலின் ஆழம் அங்கே மூன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். எடுத்த மண்ணில் இமயத்தின் மணலும் மைக்காவும் இருந்தன. அவ்வளவு தொலைவு மணல் எப்படி வந்தது? விசிறியின் மேல் கால்வாய்கள் ஓடுகின்றன. சேற்று ஓட்டம் வழியும்போதெல்லாம் இருபுறமும் வண்டல் தங்கிக் கரை உயர்கிறது. ஒரு கட்டத்தில், காவிரி உடைப்பெடுத்துப் புதுத் தடம் பிடிப்பதுபோல, அதுவும் கரையை உடைத்துத் தாழ்ந்த பக்கம் திரும்பிவிடுகிறது. கைவிட்ட கால்வாய்கள் பழைய வாய்க்கால்களாக அப்படியே கிடக்கின்றன.

இனி தொட்டி. மீன் தொட்டி செய்யும் கடையில் சொல்லி ஆள் நீளத்துக்கும் கூடுதலான கண்ணாடித் தொட்டி ஒன்று செய்தோம். ஒரு முனையில் தூக்கக்கூடிய பலகை. அதன் பின்னால் களிமண்ணும் பொடிமணலும் கரைத்த நீர். மறுபக்கம் தெளிந்த நீர். தொட்டியைச் சற்றே சாய்த்து வைத்துப் பலகையைத் தூக்கினால், கலங்கல் மேலே பரவுவதில்லை. தரையோடு ஒட்டி, தடித்த தலையோடு இறங்கி ஓடுகிறது. தலை கொஞ்சம் தூக்கினாற்போல் இருக்கும், பின்னால் புகை சுருள்வது தெரியும். மறுநாள் பக்கவாட்டில் பார்த்தால் அடியில் மணல், மேலே போகப் போக நைசான சேறு. அப்புறம் செங்கல் பொடி கலந்து இரண்டாவது முறை விட்டோம். சிவப்பு அடுக்கு பழைய அடுக்கின் மேல் அமைதியாகப் படியவில்லை. சில இடங்களில் அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போயிருந்தது. ஆழ்கடலிலும் இதுவே நடக்கிறது. ஓடும் சேறு வழியில் தரையைப் பெயர்த்துத் தன் எடையைக் கூட்டிக்கொள்ளும். கலிபோர்னியாவின் மாண்டரே பள்ளத்தாக்கில் 2015 முதல் 2017 வரை கருவிகள் வைத்து ஆய்ந்தபோது, 800 கிலோ எடையுள்ள ஒரு கருவிச் சட்டகமே கிலோமீட்டர் கணக்கில் நகர்த்தப்பட்டது.

1929 நவம்பர் 18 பற்றிய கூட்டத்துக்குத்தான் ஆண்டிலேயே அதிகக் கூட்டம். அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே 7.2 அளவில் நிலம் அதிர்ந்தது. மையத்தை ஒட்டிய தந்திக் கம்பிவடங்கள் உடனே அறுந்தன. தெற்கே ஆழத்தில் கிடந்தவை அடுத்த 13 மணி நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. நடுக்கத்தில் சரிந்த வண்டல் சேற்று ஓட்டமாகி இறங்கி அவற்றை அறுத்தது. தந்தி நின்ற நேரம் நிமிடம் பிசகாமல் பதிவாகியிருந்ததால், 1952இல் கடலாய்வாளர்கள் ஹீசனும் யூயிங்கும் அதை வைத்தே ஓட்டத்தின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். சரிவு எழுப்பிய சுனாமி கரையோரத்தில் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சுனாமி என்ற சொல் வந்ததும் தேவனாம்பட்டினத்து உறுப்பினர் ஒருவர் எழுந்து, "அப்போ நமக்கு வந்ததும் இதுதானா?" என்று கேட்டார். இல்லை. 2004இல் சுமத்ரா அருகே கடலடித் தரையே பிளவோடு உயர்ந்து தண்ணீரைத் தள்ளியது. கனடாவில் பெருமளவு காரணம் சரிந்த மண். அன்று மாலை பேச்சு சுனாமியோடே நின்றுபோனது. இந்த ஊரில் அதை யாரும் தடுக்கவும் மாட்டார்கள்.

கடைசிக் கூட்டம் காங்கோவைப் பற்றியது. 2020 ஜனவரியில், ஆற்றில் பெருவெள்ளம் வந்து சில வாரங்களில், காங்கோ கடலடிப் பள்ளத்தாக்கில் ஒரு சேற்று ஓட்டம் 1,100 கி.மீ.க்கும் மேல் ஓடியது. போகப் போக வேகம் குறையவில்லை. நொடிக்கு 5 மீட்டரில் தொடங்கி 8 மீட்டரை எட்டியது. இரண்டு கம்பிவடங்கள் அறுந்து ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் இணையம் தளர்ந்தது. அதே 2020இல்தான் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கம்பிவடம் பயன்பாட்டுக்கு வந்தது. அது வங்கக் கடலின் அடித்தரை வழியாகத்தான் போகிறது. எனவே இது நமக்குச் சம்பந்தமில்லாத படிப்பு என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நூலக அலமாரி பழுது பார்த்தாகிவிட்டது. புதுச்சேரி, கடலூர் கரைக்கு எதிரேயும் கண்டத்திட்டின் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித் தரையின்) விளிம்பில் பள்ளத்தாக்குகள் உண்டு. வரும் ஆண்டில் விசைப்படகுத் தொழிலாளர்களை அழைத்து, அங்கே வலைக்கு என்ன ஆகிறது என்று அவர்கள் வாயால் கேட்கலாம் என்பது நிர்வாகக் குழுவின் பரிந்துரை. சந்தா பாக்கி வைத்திருப்போர் இன்றே செலுத்தினால் ரசீது கையோடு கிடைக்கும். கண்ணாடித் தொட்டி இப்போது என் வீட்டுத் திண்ணையை அடைத்துக்கொண்டிருக்கிறது. காலி அறை உள்ள உறுப்பினர் யாராவது ஏற்றுக்கொண்டால் என் வீட்டில் நன்றியோடு அனுப்பி வைப்பார்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்