பலகாரக் குறிப்போடு தீ எச்சரிக்கையும் வெளியிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோகுலாஷ்டமி தொடங்கி தீபாவளி வரை பத்திரிகைகளில் சீடை, முறுக்கு, அதிரசக் குறிப்புகளுக்குக் குறைவே இல்லை. பட்டாசு கொளுத்தும்போது பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளச் சொல்லும் அறிவிப்பும் தவறாமல் வருகிறது. வாணலி பற்றிக்கொண்டாலும் அதே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்களே என்பதுதான் கவலை.

தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. ஊற்றியதும் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். எரிகிற எண்ணெயை அப்படியே கூரைவரை வாரி இறைத்துவிடும். செயல்விளக்கங்களில் சிலிண்டர் தீயை ஈரச் சாக்கு போட்டு அணைப்பதைப் பார்த்திருப்போம். சொட்டச் சொட்ட நனைந்த அந்தச் சாக்கு வாணலிக்கு ஆகாது. மாவை அள்ளிப் போடுவதும் தவறு. மைதாவும் கடலைமாவும் தாமே எரியக்கூடியவை. ஏபிசி எனப்படும் உலர்பவுடர் தீயணைப்பானைக் கிட்ட நின்று அடித்தால் எண்ணெய் சிதறும். தீ அணைந்தாலும் எண்ணெயின் சூடு தணியாததால் மறுபடி பற்றலாம்.

கை எட்டினால் முதலில் அடுப்பை அணைக்க வேண்டும். பிறகு வாணலியைவிட அகலமான தாம்பாளத்தையோ தோசைக்கல்லையோ நம் பக்கத்து விளிம்பிலிருந்து முன்னோக்கித் தள்ளி மூட வேண்டும். மேலிருந்து தொப்பென்று போட்டால் எண்ணெய் தெறிக்கும். கண்ணாடி மூடி வெடிக்கும். மூடியபின் அரைமணி நேரமாவது திறந்து பார்க்கக் கூடாது. உள்ளே காற்று புகுந்ததும் மீண்டும் எரியும். எரியும் வாணலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவே கூடாது. மூட முடியாத அளவுக்குத் தீ எழுந்துவிட்டால் எல்லோரும் வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு 101-ஐ அழைக்க வேண்டியதுதான்.

இவ்வளவு தூரம் போகவிடாமல் தடுக்கவும் வழி உண்டு. பலகாரம் பொரியத் தேவை 170 முதல் 190 டிகிரி. சுத்திகரித்த கடலை எண்ணெய் 230 டிகிரியை ஒட்டிப் புகையத் தொடங்கும். 350 டிகிரியைத் தாண்டினால் தானாகவே பற்றும். ஆகவே புகைதான் முதல் மணி. அந்த நிமிடமே அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஏற்கெனவே இரண்டு மூன்று ஈடு சுட்டு எடுத்துவைத்த பழைய எண்ணெய் இன்னும் சீக்கிரமே புகையும். வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம்.

சீடையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அழுத்தி உருட்டிய உருண்டைக்குள் அடைபட்ட ஈரம் ஆவியாகி, வழியில்லாமல் வெடிக்கிறது. தெறிக்கும் எண்ணெய் பர்னரில் விழுந்தால் தீ மேலே ஏறும். மாவைச் சலித்து, அழுத்தாமல் உருட்டி, துணியில் உலர்த்தி, ஊசியால் குத்திப் போட்டால் பெரும்பாலும் வெடிக்காது. குறிப்பு எழுதுகிறவர்கள் இதைச் சுவைக்கான பக்குவமாக மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

அலாரம் வாங்குவோரும் கவனிக்க வேண்டும். சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். எனவே கேஸ் அலாரத்தைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மாட்ட வேண்டும். கூரையருகே மாட்டுவது வீண். ஆனால் கேஸ் அலாரம் எண்ணெய்த் தீயைக் கண்டுபிடிக்காது. புகை அலாரத்தைச் சமையலறைக்குள் மாட்டினால் மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் அலறும், இரண்டே நாளில் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். அதைக் கூடத்தில் மாட்டலாம். உள்ளே வைக்க ஏற்றது, 57 டிகிரி அளவில் ஒலிக்கும் வெப்ப அலாரம்.

அடுத்த பலகார இணைப்பிலாவது, எண்ணெய் காய வைக்கச் சொல்லும் வரிக்குப் பக்கத்திலேயே, ‘அகலமான தட்டு ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்து அச்சிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி